அங்குலத்துக்கு ஏழு தையல்

1997 ஐப்பசி, ஒரு செவ்வாய்க்கிழமை, முதலாம் பாடவேளை. கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தபோது வெண்கட்டி கையிலிருந்து விழுந்தது. குனிந்து எடுத்தேன். மறுபடி விழுந்தது. மூன்றாம் முறை எடுக்க என் வலது கை வரவில்லை.

ஆஸ்பத்திரியில் அதைப் பாரிசவாதம் (மூளைக்குப் போகும் இரத்தக்குழாய் அடைபட்டு உடம்பின் ஒரு பக்கம் செயலிழப்பது) என்றார்கள். இலேசானதுதான், பேச்சுக்கும் காலுக்கும் சேதமில்லை. நாற்பத்தாறு வயதில் என் வலது கையை மட்டும் யாரோ இரவல் வாங்கிப் போனது போலிருந்தது. இதே நிலையில் இருப்பவர்கள் இதை வாசிக்கக்கூடும். ஆகவே எங்களுக்கு நேர்ந்த ஒரு தவறை மறைக்காமல் எழுதுகிறேன்.

இரண்டு கிழமையில் வீட்டுக்கு அனுப்பினார்கள். இயன்மருத்துவம் (தசைகளை மீண்டும் பழக்கும் பயிற்சி) காலையும் மாலையும் செய்ய வேண்டும். தை மாதம் பாடசாலை தொடங்கும்போது நான் வகுப்புக்குத் திரும்பலாமா என்பதை நத்தார் (கிறிஸ்துமஸ்) கழிந்த பிறகு டொக்டர் கடிதமாக எழுதித் தருவார். நான் வரலாறு படிப்பிப்பவள். எழுதாமல் படிப்பிக்க எனக்குத் தெரியாது. அந்த ஒரு கடிதத்துக்காகவே நாட்களை எண்ணினேன்.

என் பள்ளிக்காலச் சிநேகிதிகள் இருவர். ஸ்டெல்லா துறைமுகத்துக்குப் பக்கத்தில் தையற்கடை வைத்திருக்கிறாள். பரமேஸ்வரி தபால் கந்தோரில் வேலை. நத்தார் உடுப்புகள் தைக்கும் மாதத்தில் ஸ்டெல்லாவின் கடையில் வெட்டுத்துண்டுகள் குவியும். நத்தாருக்கு முந்திய நான்கு ஞாயிறும் அவள் வீட்டில் கூடி, அவற்றைச் சதுரங்களாக வெட்டி, கையால் இணைத்து ஒரு போர்வை செய்வோம். அது முறைப்படி வருடத்துக்கு ஒருத்திக்குப் போகும். அந்த வருடம் என் முறை.

நான் போகத் தயங்கினேன்.

"கை ஏலாதெண்டால் வாயாலே தை. அது நல்லாத்தானே வேலை செய்யுது" என்றாள் பரமேஸ்.

போனேன். ஊசியைப் பிடிக்குமளவுக்கு விரல்கள் தேறியிருந்தன. கேக்குக்கு ஊறப்போட்ட பழங்களின் வாசம் குசினியிலிருந்து வந்தது. சீனக்குடா விமானத்தளப் பக்கம் ஹெலிகொப்டர் இறங்கும் சத்தம் கேட்டால் ஸ்டெல்லா கத்தரிக்கோலை நிறுத்திக் காதுகொடுப்பாள். ஓய்ந்ததும் வெட்டுவாள்.

"இந்த ஊதா ஆற்ற சட்டை?" ஒரு துண்டைத் தூக்கிப் பிடித்துக் கேட்டாள் பரமேஸ்.

"சங்கக்கடை மனேச்சரிட மகள்ர. மூண்டுதரம் அளவு மாத்தியும் இடுப்பு இறுக்கமாம்."

"தையலிலே பிழையில்லையடி. அவள் தின்னுற கேக்கிலேதான் பிழை."

சிரித்துச் சிரித்து ஊசியைத் தவறவிட்டேன். அதைத் தேடவும் இருவரும் சிரித்துக்கொண்டே மேசைக்கடியில் புகுந்தார்கள்.

யுத்தகாலம்; இருட்டுவதற்குள் சோதனைச்சாவடிகளைத் தாண்டிவிட வேண்டும். ஆகவே தைத்ததைச் சரிபார்க்க நேரமிராது; துண்டுகளை ஸ்டெல்லாவின் பிஸ்கற் ரின்னில் போட்டுவிட்டு ஓடுவோம். அடுத்த ஞாயிறு வந்ததும் என் துண்டுகளை எடுப்பேன். அடிமட்டம் வைத்து, அங்குலத்துக்கு எத்தனை தையல் என்று எண்ணி, திகதியோடு கொப்பியில் எழுதுவேன். இரண்டாம் ஞாயிறு ஐந்து. அடுத்ததில் ஆறு. பிறகு ஏழு. நோய்க்கு முன் என் கணக்கு எட்டு. தைக்கும்போது கோணலாகத் தெரிந்தது, ஒரு கிழமை கழித்து நேராகத் தெரிந்தது. களைத்த கண்ணின் பிழை என்று நினைத்தேன். அப்படி நினைப்பதில் எனக்குச் சந்தோஷம் இருந்தது.

நத்தார் கழிந்த திங்கட்கிழமை கிளினிக்குக்குப் போனேன். டொக்டர் தன் இரண்டு விரல்களை நீட்டி இறுக்கிப் பிடிக்கச் சொன்னார்.

"பிடி நல்லா வந்திட்டுது. நுணுக்கமான வேலை செய்ய ஏலுதோ, ரீச்சர்?"

கொப்பியை நீட்டினேன். ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தார். முகம் மலர்ந்தது. தையில் வேலைக்குப் போகலாம் என்று கடிதம் எழுதினார். பயிற்சியும் இனிக் கிழமைக்கு இரண்டு நாள் போதும் என்றார்.

அன்று பின்னேரமே இனிப்புக்குத் தொதல் வாங்கிக்கொண்டு ஸ்டெல்லா வீட்டுக்குப் போனேன். பரமேசும் அங்கே இருந்தாள். கடிதத்தைக் காட்டினேன். இருவரும் தொதலைத் தொடவில்லை.

"கொப்பியைக் காட்டினியோ?" என்று கேட்டாள் ஸ்டெல்லா.

"ஓம். ஏன்?"

"சொல்லடி" என்றாள் பரமேஸ் அவளிடம். "உன்ர யோசனைதானே."

ஸ்டெல்லாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. "நீ தைச்சதை ஒவ்வொரு திங்களும் பிரிச்சுத் திருப்பித் தைச்சது நாங்கள். உன்ர முறைப் போர்வை கோணலா இருந்தால் வருசம் முழுக்க அதைப் பார்த்துக் கவலைப்படுவாயெண்டுதான்."

"ஒரேயடியா எட்டுத் தைச்சால் பிடிபட்டிடுவம். அதுதான் கிழமைக்கு ஒண்டு ஒண்டாக் கூட்டினனாங்கள்" என்றாள் பரமேஸ். "ஏழு நான் தைச்சது."

"என்ர கையாலேயே பொய் எழுத வைச்சிட்டீங்களே" என்றேன்.

அங்கேயே ஒரு துண்டை வாங்கித் தைத்தேன். அரைமணி நேரம் எடுத்தது. அடிமட்டம் வைத்தேன். அங்குலத்துக்கு மூன்று. அதுவும் பாதியில் ஓரத்தை விட்டு விலகிப் போயிருந்தது.

கொப்பியில் மூன்று என்று எழுதினேன். முந்திய எண்களை வெட்டவில்லை. பக்கத்தில் தைத்தவர்களின் பெயரை எழுதினேன்: ஐந்தும் ஆறும் ஸ்டெல்லா, ஏழு பரமேஸ்வரி.

மறுநாள் மூவருமாகப் போய்க் கடிதத்தைத் திருப்பிக் கொடுத்தோம். டொக்டர் கொப்பியை வாங்கி மீண்டும் வாசித்தார்.

"இந்த ரெண்டு பேரிட கைக்கும் ஒரு வருத்தமுமில்லை. அவை வேலைக்குப் போகலாம்" என்றார். பிறகு சிரிப்பை நிறுத்தி, என் விடுமுறையைச் சித்திரை வரை நீட்டி எழுதினார். பயிற்சி மறுபடி காலையும் மாலையும்.

தையில் பாடசாலை நான் இல்லாமல் தொடங்கியது. அந்தக் காலை எனக்கு இலேசாகக் கழியவில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமைகள் நிற்கவில்லை. பொங்கலுக்குப் பிறகும் கூடினோம். அது வழக்கத்தில் இல்லாதது. என் துண்டை இப்போது யாரும் பிரிப்பதில்லை. பிரிக்கத் துடிக்கும் கையைப் பரமேஸ் தன் தொடைக்கடியில் வைத்துக்கொண்டிருப்பாள்.

சித்திரை விடுமுறை முடிந்து வகுப்புக்குத் திரும்பினேன். கை முழுதாக வரவில்லை, வராமலும் போகலாம். நான் நினைத்ததற்கு ஒரு கணம் பிந்தி அது புறப்படுகிறது. ஆண்டுகளையும் திகதிகளையும் எண்ணியே வாழ்ந்த எனக்கு, அந்த ஒரு கணம் எவ்வளவு நீளமானது என்று இப்போதுதான் தெரிகிறது. நான் தேத்தண்ணிக் கோப்பையை நீட்டும்போது, எட்டிப் பறிக்காமல், ஏந்திய கையோடு ஸ்டெல்லா நிற்கிறாள். கோப்பை போய்ச் சேருகிறது.