சகலை வீட்டு மரத்தரை

அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. தொழிலில் யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. சட்டைப் பையில் ஒரு சாண் நீள ரசமட்டம் எப்போதும் செருகியிருக்கும் என்பதால், ரசமட்டம் என்பதே பெயராகிவிட்டது. சாப்பிடப் போன கடையில் மேசை ஆடினாலும் அதை எடுத்து வைத்துப் பார்த்துவிட்டுத்தான் தட்டில் கை வைப்பார். "கல்யாணத்தன்னைக்கு என் தலையிலயும் வச்சுப் பார்த்திருப்பீங்க, நான்தான் கவனிக்கல" என்பாள் மனைவி.

மரத்தரை போடுவது தொழில். இருபத்தாறு வருஷமாக முழங்காலில் நின்று சம்பாதித்தவர். எத்தனையோ பெரிய வீடுகளுக்குள் போயிருக்கிறார். குளிக்கும் அறையே தன் வீட்டுக் கூடத்தைவிடப் பெரிதாக இருந்த வீடுகளும் உண்டு. ஒரு நாளும் அவர் மனசு கலங்கியதில்லை. அவர்கள் யாரோ. வேலை முடிந்தால் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடலாம்.

சகலை யாரோ அல்ல. மனைவியின் தங்கையைக் கட்டியவன். கட்டும்போது அவன் ஒரு பெயின்ட் கடையில் டப்பாக்களைக் கலக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தான். அந்தக் காலத்தில் மாமனார் வீட்டுக்கு இரண்டு பேரும் போனால், மின்விசிறிக்குக் கீழே இருக்கும் நாற்காலி ரசமட்டத்துக்கு. சகலைக்கு ஜன்னலோரத்து ஸ்டூல். பத்து வருஷத்தில் சகலைக்குச் சொந்தமாக மூன்று பெயின்ட் கடைகள் வந்தன. ஸ்டூலும் நாற்காலியும் எந்த வருஷம் இடம் மாறின என்று ரசமட்டத்துக்குத் துல்லியமாகத் தெரியும்.

அந்தச் சகலைதான் புது வீடு கட்டி, ஒரு நாள் அழைத்துக்கொண்டு போய்ச் சுற்றிக் காட்டினான்.

"தரைக்கு அகலப் பலகை சகலை. ஒன்பது அங்குலம். உங்க கைதான் படணும். வெளியாளை விட்டா எனக்கு மனசு கேக்காது."

கூடத்தில் கட்டுக் கட்டாகப் பலகைகள் கிடந்தன. ரசமட்டம் ஒரு கட்டைப் பிரித்தார். எட்டடி நீள ஓக் மரப் பலகை. முடிச்சு முடிச்சாகக் கணுக்கள், நீளவாக்கில் நின்று நிதானமாக ஓடும் ரேகை. இப்படி ஒரு பலகையைத் தொடவே அவர் பல வருஷமாக ஆசைப்பட்டிருந்தார். வீட்டைப் பார்த்து ஒரு தரம் எரிந்த வயிறு, பலகையைப் பார்த்து இன்னொரு தரம் எரிந்தது.

"பத்து நாள் அறையிலேயே கிடக்கட்டும்" என்றார்.

"பலகைக்கு எதுக்கு சகலை பத்து நாள் லீவு?"

"புது இடம், காத்து பழகணும். அகலமா இருக்கிற பலகைக்கு ரோஷம் ஜாஸ்தி. அவசரப்படுத்தினா முறுக்கிக்கும்."

இடையிடையே சிறு கட்டைகள் வைத்துப் பலகைகளை அடுக்கிவிட்டு, ஈரம் பார்க்கும் மீட்டரை எடுத்துக்கொண்டு கான்கிரீட் தளத்தை அறை அறையாகச் சோதித்தார். எண் நாலைத் தாண்டக் கூடாது. கூடத்தில் மூன்று. படுக்கையறையில் மூன்று. குளியலறையை ஒட்டிய பின் அறையில் ஏழு. இடம் மாற்றி வைத்தார். ஏழு. எங்கோ குழாய் கசிகிறது.

சகலையிடம் சொல்வதற்காகத்தான் கூடத்துக்கு வந்தார். அவன் போனில் பேசிக்கொண்டிருந்தான். "தரை போடற ஆள் வந்திருக்காரு. அனுப்பிட்டுக் கூப்பிடறேன்."

ரசமட்டம் மீட்டரைப் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தார். பத்து நாள் கழித்து வருகிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

வீட்டில் மனைவியிடமும் சொல்லவில்லை. அவளுக்கு அவள் கவலை. "தங்கச்சி வீட்டுக் குழாய்ல சுடுதண்ணி வேணுமா, பச்சைத்தண்ணி வேணுமான்னு கேட்டுக்கிட்டு வருதுங்க. நம்ம வீட்டுல தண்ணி வருமா வராதான்னு நாமதான் கேட்கணும்."

பத்து நாளுக்குப் பிறகு கூடத்தில் வேலை தொடங்கியது. நூல் பிடித்து முதல் வரிசையை வைத்து, சுவரோரம் பலகை விரிய இடம் விட்டு ஆப்புச் செருகி, பசை தடவி, ஒன்றின் நாக்கை அடுத்ததன் பள்ளத்தில் பொருத்தித் தட்டித் தட்டிச் சேர்த்தார். நாலு நாளில் கூடமும் படுக்கையறையும் முடிந்தன. கை பாட்டுக்கு வேலை செய்ய, மனசு பாட்டுக்கு ஒரு மிட்டாயைச் சப்பிக்கொண்டிருந்தது. ஈரம் ஏறும். பின் அறைப் பலகைகள் ஓரம் தூக்கிக்கொள்ளும். விருந்தாளிகளைக் கூட்டிக்கொண்டு பெருமையாக உள்ளே வருகிற சகலை, சொந்தத் தரையில் தடுக்கி விழுவான். விழுவதற்கு அவனுக்கு எந்தச் சட்டை நன்றாக இருக்கும் என்பது வரைக்கும் யோசித்திருந்தார்.

ஐந்தாம் நாள் பின் அறை. இரண்டு வரிசை ஒட்டினார். ரசமட்டத்தை வைத்துப் பார்த்தார். குமிழி நட்டநடுவில் நின்றது. மூன்றாவது வரிசைக்குப் பசை தடவக் குனிந்தவரின் உள்ளங்கை வெறும் தளத்தில் பட்டது. சில்லென்றிருந்தது.

தரை தூக்கிக்கொண்டால் பிரிக்க ஆள் வரும். இந்த வேலை தெரிந்தவர்கள் ஊரில் ஐந்தே பேர். வருகிறவன் முதலில் கேட்கப்போவது, யார் போட்டது என்று. சகலை தடுக்கி விழும் காட்சியில் இதுவரை வராத ஐந்து பேரும் இப்போது வந்து வாசலில் நின்று சிரித்தார்கள்.

பசை இறுகுவதற்குள் கடப்பாரையை எடுத்தார். இரண்டு வரிசையையும் நெம்பிப் பெயர்த்தார். மூன்று பலகைகளின் நாக்கு உடைந்துபோனது. அந்தச் சத்தத்துக்குத்தான் சகலை ஓடி வந்தான், பின்னாலேயே கொழுந்தியாளும்.

"என்ன சகலை பண்றீங்க?"

"அடியில ஈரம். குழாய் கசியுது. காயாம போட முடியாது."

"இத்தனை நாள் இல்லாத ஈரம் இன்னைக்கு எங்கேர்ந்து வந்துச்சு? அடுத்த வாரம் குடி வர்றோம்னு ஊரெல்லாம் சொல்லியாச்சு." சகலையின் முகம் சிவந்தது. "நேராவே சொல்லிடறேன். வயித்தெரிச்சல்ல பண்றீங்க."

"ஆமா, வயித்தெரிச்சல்தான்" என்றார் ரசமட்டம். "இல்லைன்னு எப்ப சொன்னேன்? அதுக்காக ஈரம் பொய்யாயிடாது."

மீட்டரைத் தளத்தில் வைத்தார். ஏழு. கொழுந்தியாள் குனிந்து பார்த்தாள்.

"அத்தான், இது உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"முதல் நாளே."

"அப்பவே ஏன் சொல்லல?"

அவர் உடைந்த பலகைகளைப் பொறுக்கத் தொடங்கினார். அவள் புருஷனை ஒரு பார்வை, அத்தானை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குழாய்க்காரருக்குப் போன் செய்யப் போனாள்.

குழாய்க்காரர் வந்து சுவரடியை உடைத்ததில் ஓர் இணைப்பு வியர்த்துக்கொண்டிருந்தது தெரிந்தது. மாற்றினார்கள். தளம் காய ஒன்றரை மாதம் ஆனது. குடிவருவது தள்ளிப்போனது. அத்தனை நாளும் சகலை பேசவில்லை. காய்ந்தாயிற்றா என்று கொழுந்தியாள்தான் கேட்டுக்கொண்டிருந்தாள். மீட்டர் மூன்றரை காட்டிய அன்று ரசமட்டம் பையைத் தூக்கிக்கொண்டு போய், இரண்டு நாளில் முடித்துக் கொடுத்தார்.

குடிவந்த பிறகு சொந்தக்காரர்களுக்கு விருந்து. ஆளாளுக்குத் தரையைப் பார்த்து வாய் பிளந்தார்கள். சகலை பின் அறையில் நின்று விளக்கிக்கொண்டிருந்தான்: "எனக்கு ஆரம்பத்துலேர்ந்தே சந்தேகம், அடியில ஈரம் இருக்கும்னு. விடாம செக் பண்ணச் சொன்னேன். இல்லேன்னா மொத்தமும் போயிருக்கும்."

தங்கை மூலம் நடந்ததெல்லாம் தெரிந்திருந்த மனைவி அவர் விலாவில் இடித்தாள். "சொல்லிடவா?"

"சும்மா இரு. முதல் நாள் கதையும் சேர்ந்து வெளிய வரும்."

அடுத்த வாரம், மிஞ்சிய பதினெட்டுப் பலகைகளைக் கொழுந்தியாள் வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டாள். 'அத்தானுக்கு' என்று மேலே சாக்கட்டியால் எழுதியிருந்தது. அவன் வீட்டு மிச்சம் நம் வீட்டுக்கு வேண்டாம் என்று ரசமட்டம் குதித்தார். "போட்டவர் வீட்டுல சிமெண்டுத் தரை. அடுத்தவங்க வீட்டுல எல்லாம் வழவழன்னு மரம். வண்டி திரும்பிப் போச்சுன்னா நானும் அதுலயே ஏறிப் போறேன்" என்றாள் மனைவி. வண்டி காலியாகத்தான் திரும்பிப் போனது.

பத்தடிக்கு ஒன்பதடி முன்னறை. நூறு வீடுகளில் செய்யாததை அங்கே செய்தார். பலகைகள் எல்லாவற்றையும் சுவரில் சாத்தி வைத்து இரண்டு நாள் வெறுமனே பார்த்தார். ஒன்றின் ரேகை அடுத்ததில் போய் இறங்குவதுபோல் வரிசை மாற்றினார். கணுக்களை அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறவிட்டார். போட்டு முடித்தபோது, அறைக்குள் ஒரே மரம் படுத்துக்கிடப்பது போலிருந்தது.

பிறகொரு ஞாயிற்றுக்கிழமை சகலை குடும்பத்தோடு வந்தான். வாசலைத் தாண்டியவன் அப்படியே நின்றுவிட்டான். தேய்ப்பு மடிப்புக் கலையாத பேன்ட்டோடு முழங்காலில் உட்கார்ந்து தரையைத் தடவினான்.

"எங்க கூடத்துல இந்த ஓட்டம் வரலையே சகலை?"

"அது பெரிய கூடம். இது சின்ன அறை."

"அதில்ல. நல்ல பலகையா பார்த்து ஒதுக்கி வச்சுட்டீங்களோ?"

"ஒதுக்கினது உங்க வீட்டம்மா. அவங்களையே கேளுங்க."

கொழுந்தியாள் சிரித்துக்கொண்டே அக்காவோடு உள்ளே போனாள். சகலை எழுந்திருக்கவில்லை. மூலைக்கு மூலை தவழாத குறையாகப் பார்த்தான். போகும்போதும் வாசலில் நின்று ஒரு தரம் திரும்பிப் பார்த்தான். அந்தப் பார்வை எப்படிப்பட்டதென்று ரசமட்டத்துக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

சகலை வீட்டுக் கூடத்தை நினைத்தால் அவருக்கு இன்றைக்கும் வயிறு லேசாக எரியத்தான் செய்கிறது. ஆனால் அந்த வாரம் முழுக்க அவர் தினமும் இரண்டாம் தரம் சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டதாக மனைவி தங்கையிடம் சொன்னாள்.