சரளைக்கல் ரோடும் சுறாக் கருவாடும்

போன செவ்வாய்க்கிழமை நம்ம ஊர் சாரம் பக்கம் இருக்கிற இஸ்மாயில் பாய் சைக்கிள் கடைக்குப் போயிருந்தேன். பின் சக்கரம் பஞ்சர். இந்த வயசில் இன்னும் சைக்கிளா என்று கேட்பீங்க. ஓட்டுறதில்லை, தள்ளிக்கிட்டுப் போறதோட சரி. மார்க்கெட் பையை ஹேண்டில்பாரில் மாட்டிக்கிட்டா கைவலி மிச்சம்.

கடை வாசலில் ரெண்டு பேர். பேங்கில் வேலை பார்க்கிறவங்களாம். அவங்க சைக்கிள் ரெண்டும் செம்மண்ணில் குளிச்சிருந்தது. ஒருத்தர் கண்ணாடி போட்டவர், இன்னொருத்தர் முழங்காலில் பெரிய பிளாஸ்திரி.

"கல்வராயன் மலைக்குப் போனோம் பாய்," என்றார் கண்ணாடிக்காரர். "கோமுகி ஆத்தை ஒட்டியே உள்ள ஒரு ரோடு போகுது. ரோடுன்னா, வெறும் சரளைக்கல்லு. ரெண்டு பக்கமும் மலை. அந்த வழியா சைக்கிள்ல போன மொத ஆளு நாங்கதான்."

"அப்படியா," என்றார் பாய், டியூபைத் தண்ணியில் முக்கிக்கிட்டே.

"மூணு பஞ்சர் பாய். காத்து கல்லு மாதிரி அடிச்சுக் குடுத்தீங்க, அப்படியும் சறுக்குது."

நான் ஸ்டூலில் உட்கார்ந்து புடவைத் தலைப்பைச் சரி பண்ணிக்கிட்டேன். கல்லு மாதிரி காத்து அடிச்சா சறுக்காம என்ன செய்யும்? சரளையில் போகணும்னா காத்தைக் கொஞ்சம் இறக்கிவிடணும். ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடிக்கக்கூடாது. இறக்கத்தில் பிரேக்கை நம்பக்கூடாது, பச்சைக் கிளை ஒண்ணை வெட்டி கேரியரில் கட்டி இழுத்துக்கிட்டே இறங்கணும்...

இதெல்லாம் வாய் வரைக்கும் வந்தது. சொல்லலை. நாலு பேர் இருக்கிற இடத்தில் எனக்குப் பேச்சு வராது. உங்களுக்குத்தான் தெரியுமே.

நான் வைத்திக்குப்பத்துக்காரி. சைக்கிள் கத்துக்கிட்டது கடலோர ஈர மணலில். பிரெஞ்சு பட்டாளத்தில் இருந்து பென்ஷனில் வந்த சொல்தா ஐயா ஒருத்தர் வேண்டாம்னு தள்ளின சைக்கிள் அது. வீட்டுக்காரருக்கு இடுப்பில் அடிபட்டு கடலுக்குப் போகாம நின்னப்போ, கருவாட்டுக் கூடையைக் கேரியரில் கட்டிக்கிட்டு நான் கிளம்பிட்டேன். ஊரில் என்ன பேசினாங்கன்னு எழுதினா இந்தப் பக்கம் பத்தாது.

பக்கத்து ஊரில் எல்லாம் கருவாட்டுக்காரிங்க இருந்தாங்க. யாரும் போகாத இடம் எது? மலை. பஸ் மேல சைக்கிளை ஏத்தி, கள்ளக்குறிச்சி தாண்டி மலை அடிவாரத்தில் இறங்குவேன். அங்கிருந்து ஆத்தோரமாவே சரளைக்கல் ரோடு. ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் தண்ணி, நடுவில் நானும் என் நாத்தமும். வியாழக்கிழமை சந்தைக்குப் போய்ச் சேர்ந்தா, கூடை காலி.

பதிமூணு வருஷத்துக்கு முன்னாடி, எமர்ஜென்சிக்கு முந்தின வருஷம் ஐப்பசி மாசம். சந்தையில் என்கிட்ட வாடிக்கையா வாங்குற வெள்ளையம்மா வந்தா. கையில் காசு இல்லை, பை இல்லை, சும்மா நின்னா.

"என்ன வெள்ளையம்மா, இன்னைக்கு வேணாமா?"

"பொண்ணுக்குக் கொழந்த பொறந்திருக்குக்கா. பொட்டப்புள்ள. ஆறு நாளாச்சு. பால் ஊறவே இல்ல. திரியில ஆட்டுப்பால் நனைச்சு வைக்கிறோம், எல்லாத்தையும் கக்குது. அழுகைச் சத்தம் கூட சன்னமாயிட்டே வருதுக்கா."

எங்க குப்பத்தில் பிள்ளை பெத்தவளுக்குச் சுறா கொடுப்போம். பச்சைச் சுறா கிடைக்காட்டி சுறாக் கருவாடு. பூண்டும் மிளகும் தட்டிப்போட்டு புட்டு மாதிரி உதிர்த்துக் கொடுத்தா பால் பெருகும்னு எங்களுக்கு ஒரு நம்பிக்கை. அன்னைக்குன்னு பார்த்து என் கூடையில் நெத்திலியும் காரப்பொடி மீனும்தான்.

"மூணே நாள். சுறா கொண்டாறேன்," என்றேன்.

சொல்லிட்டு வந்தேன். வந்த அன்னைக்கு ராத்திரியே மழை பிடிச்சுக்கிச்சு.

மூணாம் நாள் காலையில் நான் பொட்டலம் கட்டுறதைப் பார்த்து வீட்டுக்காரர் கேட்டார், "சந்தை வியாழக்கிழமைதானே? இன்னைக்கு எங்க கெளம்பிட்ட?"

"சந்தைக்கு இல்ல. கொழந்தைக்கு."

"மலையில மழை பெஞ்சா ஆறு என்ன ஆகும்னு தெரியுமா ஒனக்கு?"

"கடல் தெரியும். ஆறு தெரியாதா?"

இந்தத் திமிர்தான் என்னை என்ன பாடுபடுத்திச்சுன்னு கேளுங்க.

ரோடு பாதி இடத்தில் அரிச்சுப் போயிருந்தது. சரளை எல்லாம் புரண்டு, முட்டை மேல ஓட்டுற மாதிரி இருந்தது. ஏத்தத்தில் தள்ளிக்கிட்டு, இறக்கத்தில் கிளையை இழுத்துக்கிட்டு, ஒரு வழியா ஆத்தைத் தாண்டுற இடத்துக்கு வந்தேன். வழக்கமா கணுக்காலளவு தண்ணி. அன்னைக்கு அந்தத் தடமே தெரியலை. அக்கரையில் வெள்ளையம்மா சாக்கைத் தலையில் கவுத்துக்கிட்டு நின்னுக்கிட்டிருந்தா. காலையிலிருந்து நிக்கிறாளாம்.

பார்த்தேன். இடது பக்கம் தண்ணி கல்லில் மோதி வெள்ளை வெள்ளையா நுரைச்சுக்கிட்டு சத்தம் போடுது. வலது பக்கம் எண்ணெய் ஊத்தின மாதிரி வழவழன்னு சத்தமே இல்லாம கிடக்குது.

கடல்கரையில் பொறந்த யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க... வெள்ளையா நுரைச்சா இறங்காதே. அடங்கிக் கிடக்கிற இடமா பார்த்துக் கட்டுமரத்தைத் தள்ளு. நடக்கப் பழகின நாளிலிருந்து கேட்ட பாடம். நான் வலது பக்கம் இறங்கினேன்.

வெள்ளையம்மா கையை ஆட்டி ஆட்டி என்னமோ கத்தினா. 'வா வா'ன்னு கூப்பிடுறான்னு நினைச்சேன்.

ஒரு அடி, ரெண்டு அடி. மூணாவது அடிக்குத் தரை இல்லை. சைக்கிள் என் கையை உதறிட்டு உள்ள போயிடுச்சு. கூடை போச்சு. தண்ணி கழுத்துக்கு வந்தது. காலில் ஒரு பாறை தட்டுப்பட்டது, அதில் கட்டை விரலை ஊணி நின்னேன். சுறாப் பொட்டலம் மட்டும் என் தலையில், முந்தானையால் கட்டி வச்சிருந்தேன். ரெண்டு கையாலும் அதைத்தான் பிடிச்சுக்கிட்டேன். என்னைப் பிடிச்சுக்கணும்னு தோணலை.

வெள்ளையம்மா வந்தா. எப்படி வந்தான்னு நினைக்கிறீங்க? அந்த வெள்ளை நுரையில், முழங்கால் தண்ணியில், குடுகுடுன்னு ஓடி வந்தா. வந்து ஒரு மூங்கிலை நீட்டி என்னை இழுத்துப் போட்டா.

"ஏங்க்கா, கண்ணு தெரியலயா? சலசலக்குற எடம் ஆழமில்லாத எடம். சத்தமில்லாம கெடக்குறது மடுவுக்கா. யானையே முழுகும்."

"அலை அடிக்குற எடத்துல எவளாவது கால வைப்பாளா?" என்றேன், பல்லு கிடுகிடுக்க.

அவ என்னை மேலேயும் கீழேயும் பார்த்தா. அப்புறம் சிரிச்சா பாருங்க... எட்டு ஒம்போது நாளா அடக்கி வச்ச அழுகையும் சேர்ந்து வந்த சிரிப்பு அது.

பொட்டலத்தைப் பிரிச்சா, பாதி நனைஞ்சிருந்தது. "கெட்டுப்போச்சாக்கா?" என்றா பயந்துபோய்.

"சமைக்குமுன்னாடி ஊற வைக்கணும்ல? அந்த வேலை முடிஞ்சுது, போ."

அவ வீட்டு அடுப்பில் நானே கிளறினேன். அந்தப் பொண்ணு செல்வி, முகம் வெளுத்து சுவரில் சாய்ஞ்சிருந்தா. வாடையைக் கண்டு மூக்கைப் பிடிச்சா. "புடிக்கலன்னா மருந்துன்னு நெனச்சுக்கோ, புடிச்சா மீனுன்னு நெனச்சுக்கோ," என்றேன். ரெண்டு வேளை சாப்பிட்டா. சைக்கிளை ஊர்க்காரங்க கயிறு போட்டு எடுத்தாங்க, அது காயுற வரைக்கும் நானும் அங்கேயே தங்கினேன். மறுநாள் முழுக்க ஒண்ணுமில்லை. அதுக்கு அடுத்த நாள் விடிகாலையில் செல்வி "அம்மா, அம்மா"ன்னு கூப்பிட்டா. ரவிக்கை நனைஞ்சிருந்தது. அந்தக் குழந்தை முட்டி முட்டிக் குடிச்சதை நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன்.

சுறா செஞ்சதா, அந்தப் பொண்ணுக்கு வந்த தைரியம் செஞ்சதா, எனக்குத் தெரியாது. அஞ்சாங்கிளாஸ் படிச்சவ நான். டாக்டர்களைக் கேட்டுக்கோங்க.

அப்புறம் நாலஞ்சு தடவைதான் மலைக்குப் போனேன். மறுவருஷம் பெரிய மார்க்கெட்டில் உட்கார இடம் கிடைச்சது. அந்த ரோட்டோட சங்காத்தம் அதோட விட்டுப்போச்சு... போன செவ்வாய்க்கிழமை வரைக்கும்.

"ஆத்தைத் தாண்டும்போதுதான் பாய் விஷயமே," என்றார் பிளாஸ்திரிக்காரர். "தண்ணி அமைதியா இருக்குதேன்னு ஒரு பக்கம் இறங்கப் போனோம். ஆடு மேய்ச்சிக்கிட்டிருந்த பொண்ணு, பன்னெண்டு பதிமூணு வயசு இருக்கும், கத்திச்சு பாருங்க. 'அங்க எறங்காதீங்க, அது கருவாட்டுக்காரி மடு. வெள்ளையா ஓடுற எடத்துல தாண்டுங்க'ன்னு."

"அதென்னங்க அப்படி ஒரு பேரு?" என்றார் பாய்.

"யாரோ கருவாட்டுக்காரி சைக்கிளோட அதுல விழுந்துட்டாங்களாம். கொழந்தைக்குப் பால் ஊறணும்னு கருவாடு கொண்டுவரும்போது. 'அந்தக் கொழந்த நான்தான்'னு அந்தப் பொண்ணு நெஞ்ச நிமித்திக்கிட்டு சொல்லுது. பாவம், கருவாட்டுக்காரி முழுகிப் போயிருப்பாங்க."

கண்ணாடிக்காரர் நோட்டைப் பிரிச்சுக் காட்டினார். ஆறு, மலை, ரோடு எல்லாம் பென்சிலில் வரைஞ்சிருந்தது. ஆறு வளையுற இடத்தில் குண்டு எழுத்தில் என் மடு.

பாய் பம்ப் அடிக்கிறதை நிறுத்திட்டார். அந்தக் காலத்தில் என் டயருக்குக் காத்தடிச்சவர் அவர்தானே. என்னையே பார்த்தார்.

"முழுகலைப்பா," என்றேன் மெதுவா. "கழுத்தளவுதான்."

"ஒங்களுக்கு எப்படி ஆயா தெரியும்?"

முகமெல்லாம் சூடாயிடுச்சு எனக்கு. "கேள்விப்பட்டேன்," என்று சொல்லிட்டு சைக்கிளைத் தள்ளிக்கிட்டு வந்துட்டேன்.

வழியெல்லாம் அதே நினைப்பு. நம்ம ஊரில் தெருவுக்குத் தெரு பெரிய பெரிய துரைமார் பேரு. ஜெயிச்சவங்களுக்குத்தான் பேர் வைப்பாங்க. நான் கால் தவறி விழுந்த குழிக்கு என் பேரு. அதுவும் பேருகூட இல்லை, கூடையோட பேரு. ஆனா அந்தக் குழந்தை பிழைச்சு, ஆடு மேய்ச்சு, யாரும் அதில் விழுந்துடாம கரையில் நின்னு காவல் காக்குதே. வீட்டு வாசலுக்கு வந்தப்போ நானும் நெஞ்சை நிமித்திக்கிட்டுத்தான் நடந்திருக்கேன்.

கடையில் ரெண்டு பேர்கிட்ட 'அது நான்தான்'னு சொல்ல வெக்கமா இருந்தது. அதான், பத்திரிகையில் போட்டுட்டேன்.