ராசாங்கம் மேஸ்திரி விலக்கிய முள்

நான் ஊரைவிட்டுக் கிளம்பியது 1976 செப்டம்பரில், ஒரு வியாழக்கிழமை. அன்று அரியலூரில் ரயிலைப் பிடித்தால்தான் பம்பாயில் நர்ஸ் வேலையில் சேர முடியும். தா.பழூரிலிருந்து நெல் ஏற்றிப் புறப்பட்ட தர்மனின் லாரியில் டிரங்குப் பெட்டியோடு ஏறிக்கொண்டேன். வாய்க்காலில் தண்ணீர் திறந்ததில் மாற்றுப்பாதை முழுகிவிட்டது. இனிப் புதுப் பாலம்தான் வழி. அதன் வாயில் கருவேல முள்ளை வெட்டிப் போட்டுவிட்டு ராசாங்கம் மேஸ்திரி நின்றார்.

இருபது வருஷக் கொத்து வேலையில் அவர் பொறுப்பில் விட்ட முதல் பாலம் அது. பாலத்தின் நீளத்துக்கு வேறிடத்தில் வார்த்துக் கொண்டுவந்த ஒன்பது கான்கிரீட் பெட்டிகளைப் பக்கம் பக்கமாக ஒட்டி வைத்து, நடுவிலிருந்த எட்டு இடுக்குகளையும் கலவையால் அடைத்திருந்தார். மேலே ஈரச் சாக்கு கிடந்தது. இது நன்றாக அமைந்தால் அடுத்த பாலத்துக்கும் அவரே மேஸ்திரி என்று கான்ட்ராக்டர் சொல்லியிருந்தார்.

"மூணு நாள்தான் ஆவுது. ஏழு நாள் போவணும். அப்புறம் குறுக்கால கம்பியப் போட்டு இறுக்கணும். அதுவரைக்கும் ஒம்போதும் தனித்தனி ஆளு. சக்கரம் ஏறுற பெட்டி மட்டும் அமுங்கும், பக்கத்துப் பெட்டி சும்மா நிக்கும், நடுவுல கலவை விட்டுப்போவும்" என்றார்.

"யோவ் மேஸ்திரி, பாலமா போட்ட, பொரி உருண்டையா புடிச்ச? தொட்டா உதிரும்ங்கற!" என்றான் தர்மன்.

"மூட்டைய எறக்கிட்டு வா, அப்புறம் பேசு."

இறக்கி ஏற்றினால் ரயில் போய்விடும். "எங்கப்பாவ வரச் சொல்லவா?" என்று கேட்டேன்.

மேஸ்திரியின் மனைவி அப்போதும் எங்கள் வயலில் நடவு நட்டுக்கொண்டிருந்தார். ராசாங்கம் என்னை ஒருமுறை பார்த்தார். குனிந்து முள்ளைக் கையாலேயே இழுத்துப் போட்டார். "மெதுவாப் போங்க" என்றார்.

ஒன்பது வருஷம். பம்பாய், குவைத், நைரோபி. எங்கும் நிலைக்காமல் சுற்றியதில் ஒரு நாள்கூட அந்தப் பாலத்தை நான் நினைக்கவில்லை. திரும்பி வந்தபோது மேஸ்திரி இறந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. மற்றதை அவர் மகள் மலர்க்கொடி சொன்னாள்.

அந்த வருஷ மழையிலேயே நாலாவது இடுக்குக்கு மேலே, பிறகு போட்ட தார் நீளக்கோடாகப் பிளந்து, கீழே தண்ணீர் சொட்டியது. யார் வண்டி விட்டது என்று கேட்டார்கள். "நான்தாங்க அவசரப்பட்டுட்டேன்" என்றாராம். ஏழு வருஷம் எந்தப் பாலத்திலும் அவரைச் சேர்க்கவில்லை. குரும்பலூர்ப் பக்கம் கிணற்றுச் சுவரும் மாட்டுத் தொட்டியும் கட்டினார்.

"கடைசியில அதே பாலத்த ரிப்பேர் பண்ணக் கூப்ட்டாங்க. உங்க வூட்ல விலாசம் வாங்கி உங்களுக்கு லெட்டர் போட்டமே, வரலீங்களா?" என்றாள்.

"வரலையே."

"அடைச்சு எட்டாம் நாளு, பொழுது சாயற வரைக்கும் முள்ள எடுக்காம ரோட்டையே பாத்துக்கிட்டு நின்னாரு. ஆபீசர் சத்தம் போட்டப்புறம்தான் எடுத்தாரு."

போன மாதம் அந்த ஏர்லெட்டர் ஊரெல்லாம் சுற்றி எங்கள் வீட்டுக்கே வந்தது. மூன்று விலாசங்கள் அடித்து எழுதப்பட்டிருந்தன. கையெழுத்து மலர்க்கொடியுடையது.

"சாந்தா அம்மாவுக்கு ராசாங்கம் எழுதறது. நாலாவது இடுக்க ஒடச்சி எடுத்துட்டு மறுபடி அடைக்கிறோம். இந்தத் தடவ யாரு வந்தாலும் ஏழு நாள் முள்ள எடுக்க மாட்டேன். எட்டாம் நாளு மொத வண்டியில நீங்க வரணும். பெட்டியோட வந்தாலும் சரி."