மத்தியானத்தில் வாசித்த நார்வே நாவல்

அந்த நாவலை நான் படிப்பதற்காக வாங்கவில்லை. ஷார்ஜாவில் புத்தகக் கண்காட்சிக்குப் போய்விட்டு வெறுங்கையை வீசிக்கொண்டு திரும்பினால் அறையில் இருப்பவர்கள் ஓட்டியே தள்ளிவிடுவார்கள் என்பதற்காக, கண்ணில் பட்டதிலேயே தடிமனான ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தேன். நார்வே நாட்டின் வடகோடியில் கடலோரமாக இருக்கும் ஒரு சின்ன ஊரைப் பற்றிய பழைய நாவல். யாரோ ஒரு புண்ணியவான் தமிழில் மொழிபெயர்த்திருந்தார். குளிர்காலத்தில் அங்கே சூரியன் உதிப்பதே கிடையாது என்று முதல் அத்தியாயத்திலேயே எழுதியிருந்தது. நமக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று மூடிப் பெட்டிக்குள் போட்டுவிட்டேன்.

ஷார்ஜா தொழிற்பேட்டையில் லாரிகளுக்கு பாடி கட்டும் கராஜ் ஒன்றில் எனக்கு ஸ்டோர் கீப்பர் வேலை. கோடை வந்தால் மத்தியானம் வெயில் தாழும்வரை வேலையை நிறுத்திவிடுவார்கள். சாப்பிட்டுவிட்டு மாடியில் இருக்கும் அறைக்கு வந்து படுப்போம். ஏ.சி. ஓடும், ஆனால் குளிராது; சத்தம் மட்டும் வஞ்சகமில்லாமல் வரும். அப்படி ஒருநாள் எல்லோரும் தூக்கம் வராமல் புரண்டுகொண்டிருந்தபோது, எனக்குக் கீழ்க்கட்டிலில் படுத்திருந்த வெல்டர் அண்ணன், "தம்பி, நீ காலேஜெல்லாம் படிச்சவன்தான. எதையாவது வாசிப்பா, தூக்கமாவது வரட்டும்" என்றார். அப்போதுதான் பெட்டிக்குள் கிடந்ததை வெளியே எடுத்தேன்.

அண்ணன் ராமநாதபுரம் பக்கம் ஒரு கடற்கரை ஊர்க்காரர். அப்பா படகில் போனவர். மகனுக்குக் கடல் என்றால் பயம். "கடல்ல சாகப் பயந்து கல்ஃபுக்கு ஓடியாந்தவன்ப்பா நான்" என்று தன்னைத் தானே கேலி செய்துகொள்வார். ஓடிவந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை லீவில் போவார், கட்டிக்கொண்டிருக்கும் வீட்டில் ஒரு சுவரை உயர்த்துவார், திரும்பி வந்துவிடுவார்.

நாவலில் பரபரப்பு ஒன்றும் இல்லை. குளிர்காலத்தில் ஆண்கள் எல்லோரும் திறந்த படகுகளில் ஏறித் தூரத்துக் கடலுக்கு மீன்பிடிக்கப் போகிறார்கள். பெண்களும் கிழவர்களும் பிள்ளைகளும் அந்த இருட்டு ஊரில் காத்துக் கிடக்கிறார்கள். பனி உருகும்போது படகுகள் திரும்புகின்றன, சில திரும்புவதில்லை. பிடித்த மீனைக் கழிகளில் தொங்கவிட்டுக் குளிர்க்காற்றிலேயே காயவைக்கிறார்கள். "வெயிலே இல்லாமக் கருவாடா? நல்லாக் கதை விடுறான்" என்றார் எதிர்க்கட்டில் பெயின்டர். ஊருக்கே பெரிய ஆளாக ஒரு வியாபாரி. படகும் அவனுடையது, கடையும் அவனுடையது, அவன் முகம் சுளித்தால் யார் வீட்டிலும் அடுப்பு எரியாது. "அட, இவன் அந்த ஊரு கஃபீல்ல" என்று பெயின்டரே கண்டுபிடித்தும் சொன்னார். எங்களுக்கு விசா கொடுத்து வைத்திருக்கும் முதலாளியைத்தான் இங்கே கஃபீல் என்பார்கள். அன்றைக்குச் சிரித்த சிரிப்பில் ஒருவரும் தூங்கவில்லை.

அந்தக் கதையில் ஒருவன் வருகிறான். ஊரில் அவனுக்குக் கால் தரிக்காது. வருவான், கூரையைச் செப்பனிடுவான், பெண்டாட்டியோடு நாலு நாள் சிரித்துப் பேசுவான், பிறகு ஏதாவது ஒரு கப்பலில் ஏறிப் போய்விடுவான். வெல்டர் அண்ணன் அவனைப் பிடித்துக்கொண்டார். வேறு யாரைப் பற்றி வாசித்தாலும் அவருக்குக் கண் செருகிவிடும். அவன் பெயர் வந்தால் முழங்கையை ஊன்றி எழுந்துவிடுவார்.

"கடைசில அவன் ஊரோட தங்கிருவானா தம்பி? அத மட்டும் சொல்லிரு."

"நானே இன்னும் படிக்கலண்ணே."

"படிக்காத. முன்னாடியே படிச்சிட்டீன்னா ஒன் குரல்லயே தெரிஞ்சுபோயிரும்."

அதனால் நானும் முன்னே புரட்டிப் பார்க்காமலே வாசித்தேன்.

பாதிப் புத்தகம் தாண்டுவதற்குள் அண்ணனுக்குக் கால் வீங்கத் தொடங்கியது. சோறு இறங்கவில்லை. வெல்டிங் தொப்பியைக் கழற்றும்போது முகம் ஊதிப்போயிருக்கும். வெயிலில் நின்று நின்று, தண்ணீர் குடித்தால் வேலையை விட்டு ஒன்றுக்கு ஓட வேண்டுமே என்று குடிக்காமல் இருந்து இருந்து, சிறுநீரகம் இரண்டும் கெட்டுவிட்டன என்றார்கள். கம்பெனி விசாவை கேன்சல் செய்தது. விமான நிலையத்துக்குப் போகும் வண்டியில் ஏறும்போது, "நான் ஊரோட தங்கப் போறேன். மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு நிக்காம சந்தோசமா அனுப்புங்கப்பா" என்றார். வண்டி நகரும்போது என்னைப் பார்த்து, "அந்தக் கதைய வாய்ஸ் மெசேஜ்ல அனுப்பு. பாதியில விட்றாத" என்றார்.

அனுப்பினேன். மத்தியானம் மற்றவர்கள் படுத்த பிறகு மொட்டை மாடிப் படியில் நிழல் பார்த்து உட்கார்ந்துகொண்டு, "அண்ணே, சாப்பிட்டீங்களா?" என்று தொடங்கி நாலு பக்கம் ஐந்து பக்கம் வாசிப்பேன். முதலில் அவர் குரலிலேயே பதில் வந்தது. "திரும்பக் கப்பலேறிட்டானா? அயோக்கியப் பய." பிறகு அந்தக் குரல் மெலிந்தது. பிறகு குரலே வரவில்லை, கட்டைவிரல் படம் மட்டும் வரும். நான் அனுப்பியதைக் கேட்டதற்கு அடையாளமாக அந்தக் குட்டி மைக் நீலமாகிவிடும். டயாலிசிஸ் களைப்பில் பேச முடியவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். போன் செய்தால் அண்ணனின் மனைவி, மதினிதான் எடுப்பார். "இப்பத்தான் கண்ணசந்தாரு தம்பி" என்பார். நம்பினேன். நம்புவது எனக்கும் வசதியாக இருந்தது.

அண்ணனுக்குப் பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் லீவு முடிந்து வந்திருந்தார். மளிகைக் கடையில் அவரைப் பார்த்தேன்.

"வெல்டர் அண்ணனப் போய்ப் பாத்தீங்களா? எப்படி இருக்காரு?"

அவர் என்னை ஒருமாதிரிப் பார்த்தார். "ஒங்களுக்குத் தெரியாதா? நான் ஊருக்குப் போய்ச் சேரும்போதே அவருக்குக் காரியமெல்லாம் முடிஞ்சிருந்துச்சே."

கையில் தயிர் டப்பா இருந்தது. அதை வாங்குவதா திரும்ப வைப்பதா என்றுகூட எனக்குத் தெரியவில்லை.

கல்ஃபில் இருப்பவனுக்குச் சாவுச் சேதியை உடனே சொல்வதில்லை. இதை யாரும் எங்களுக்குச் சொல்லித்தரவில்லை, எல்லா வீட்டிலும் அப்படித்தான். நாங்களே செய்திருக்கிறோம். பெயின்டரின் அப்பா இறந்தபோது, டிக்கெட் கைக்கு வரும்வரை அவர் போனை நாங்கள்தான் ஒளித்துவைத்தோம். மற்றவனுக்குச் செய்தபோது அது இரக்கமாகத்தான் தெரிந்தது. எனக்கே செய்தபோது செருப்பால் அடித்த மாதிரி இருந்தது. செத்துப்போன மனிதரிடம் நான் மத்தியானந்தோறும் சாப்பாடு விசாரித்து, ஏற்ற இறக்கத்தோடு கதை வாசித்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது. வெட்கத்தைவிடக் கோபம் அதிகமாக இருந்தது. அழுகை அப்புறம்தான் வந்தது.

அறைக்குக்கூடப் போகாமல் தெருவில் நின்றே போன் செய்தேன். "மதினி, அண்ணன்கிட்டப் போனக் குடுங்க" என்றேன். தெரிந்துகொண்டே கேட்டேன். அந்தக் கோபத்தில் அப்படித்தான் கேட்க வந்தது.

அங்கே ஒரு கதவைச் சாத்துவது கேட்டது. பிறகு, "யாரு தம்பி சொன்னா?" என்றார்.

"யாரு சொன்னா என்ன? நீங்க ஏன் சொல்லல?"

"அவருதான் சொல்ல வேணாம்னாரு. 'அங்க அவனுக்குக் கட்டிப்பிடிச்சு அழ ஒரு ஆளு கெடையாது, லீவுல வரும்போது சொல்லிக்கலாம்'னாரு."

"அப்ப நான் அனுப்புனதெல்லாம் யாரு கேட்டா?"

"நாந்தான் கேட்டேன். அவரு இருக்கும்போதும் கடைசி நாள்ல ஒங்க குரல் காதுல விழுந்தாத் தூங்கிருவாரு. நான் கைவேலையப் பாத்துக்கிட்டே கேப்பேன். அவரு போன பொறகு கேக்காம இருக்க முடியல தம்பி. இங்க எல்லாரும் அவரப் போயிட்டாரு போயிட்டாருன்னு பேசுறாக. நீங்க ஒருத்தர்தான் 'அண்ணே, சாப்பிட்டீங்களா'ன்னு கேட்டீக. அதுக்காகத்தான் அந்தக் கட்டவெரலப் போட்டு விட்டேன். தப்புன்னா மன்னிச்சுக்கங்க."

அதற்குமேல் நான் யாரிடம் கோபப்படுவது? லாரி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு கடந்து போனது.

"கதை இன்னும் எம்புட்டு இருக்கு?" என்றார் மதினி.

"ஒரே ஒரு அத்தியாயம்."

"படிச்சு விட்ருங்க. அவன் தங்குறானா இல்லையான்னு கேட்டுக்கிட்டே கெடந்தாரு. எனக்காவது தெரியட்டும்."

மறுநாள் அதே படியில் உட்கார்ந்து, முதல்முறையாக "மதினி" என்று தொடங்கி வாசித்தேன். அவன் வந்துவிடுகிறான். முழங்கால் போய், பல் கொட்டி, இனி எந்தக் கப்பலும் ஏற்றிக்கொள்ளாது என்ற நிலையில் வந்து சேர்கிறான். வீட்டில் உட்கார இடம் தேடுகிறான். கோடரியை எங்கே வைத்திருக்கிறாய் என்று பெண்டாட்டியைக் கேட்கிறான். அவள் எடுத்துக் கொடுத்துவிட்டுத் தன் வேலையைப் பார்க்கிறாள். அவன் இல்லாமலே அந்த வீட்டு வேலைகள் நடந்து பழகிவிட்டன. குளிர்காலம் வந்ததும் மற்றவர்களின் படகுகள் புறப்படுகின்றன, அவன் கரையில் நின்று பார்த்துவிட்டு வீட்டுக்கு நடக்கிறான். அத்தோடு நாவல் முடிந்துவிடுகிறது. பல இடங்களில் தடுமாறி, வாசித்த வரியையே திரும்ப வாசித்தேன். அப்படியே அனுப்பிவிட்டேன்.

அன்று கட்டைவிரல் வரவில்லை. சாயந்திரம் மதினியின் குரல் வந்தது.

"கேட்டேன் தம்பி. அவன் தங்கிட்டான். ஆனா சொந்த வீட்டுலயே விருந்தாளி மாதிரில்ல இருக்கான். இவரும் அப்படித்தான் இருந்தாரு. தண்ணி எங்க இருக்குன்னு என்னையக் கேட்டுத்தான் குடிப்பாரு. பாத்ரூம் லைட்டப் போடப்போயி ஃபேனப் போடுவாரு. அத்தன வருசமா அவரு சம்பாதிச்சுக் கட்டுன வீடு. எந்த சுவிச்சு எதுக்குன்னு பழகுறதுக்குள்ள போயிட்டாரு."

அதைத் திரும்பத் திரும்பக் கேட்டுவிட்டுக் கட்டிலில் படுத்திருந்தேன். ஊரில் என் வீட்டு வாசலில் நுழைந்ததும் இடதுபக்கச் சுவரில் ஒரு சுவிட்ச் பலகை இருக்கிறது. அதில் முதல் சுவிட்ச் எதற்கு என்று யோசித்துப் பார்த்தேன். எனக்கும் தெரியவில்லை.