மயிலம்மாள் சூடம் ஏற்ற மறுத்த ஷெட்

என் அப்பா அமிர்தலிங்கம் கிரீஸ் பிடித்த பாகங்களைப் பெட்ரோலில்தான் கழுவுவார். மலேசியாவில், பகாவ் பக்கத்தில் எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டம் ஒன்றின் டிராக்டர் பட்டறையில் வந்த பழக்கம். தோட்டத்தை விட்டு வெளியேறி, சாலையோரம் சொந்தமாக மோட்டார் சைக்கிள் பழுதுபார்க்கும் ஷெட் போட்ட பிறகும் அதே டின், அதே பிரஷ். அழுக்கு உடனே விடும். பாகம் தானாக உலரும். வேறென்ன வேண்டும் என்பார்.

பிப்ரவரியில் மாரடைப்பில் போய்விட்டார். அவரை நினைத்தால் முதலில் அந்த வாடைதான் வருகிறது. அடுத்து சிரிப்பு.

ஆயுத பூசையன்று ஷெட்டில் உள்ள எல்லாவற்றையும் கழுவிப் பொட்டு வைப்போம். ஒரு வருடம், செம்பனை லாரி ஓட்டும் தேவன் அண்ணனுடைய பழைய மோட்டாரின் கார்புரேட்டரை அப்பா கடைசி நேரத்தில் கழுவினார். ஈரம் காயுமுன் சாமிப் படத்துக்கு முன்னால் வாழையிலையில் வைத்தார். அம்மா மயிலம்மாள் சூடம் ஏற்றினார். குப்பென்று தீப்பிடித்தது. மணலை வாரிப் போட்டு அணைத்தோம். இலையும் அப்பாவின் பாதி மீசையும் போயின.

"சாமி தப்பிச்சிருச்சுண்ணே, மீசைதான் மாட்டிக்கிச்சு," என்றார் தேவன் அண்ணன்.

அம்மா சிரிக்கவில்லை. "இனிமே இங்க பெட்ரோல்ல கழுவினா நான் சூடம் ஏத்த மாட்டேன். நீங்களே ஏத்திக்குங்க."

அப்பா அரண்டுபோனார். அம்மா கையால் சூடம் காட்டாமல் ஒரு வருடம்கூட அவர் ஷெட்டில் வேலை தொடங்கியதில்லை. அடுத்த பூசைக்குள் வேறு கரைப்பான் வேண்டும்.

நான் சிரம்பானில் ஒரு பெயிண்ட் தொழிற்சாலையின் ஆய்வுக்கூடத்தில் வேலை செய்கிறேன். பொறுப்பு என் தலையில் விழுந்தது. தின்னர் பெட்ரோலைப்போலவே பற்றும். ரப்பர் வளையங்களையும் ஊதவைத்துவிடும். அது வேண்டாம். டீசல் அவ்வளவு சுலபத்தில் பற்றாது. ஆனால் எண்ணெய்ப் படலம் விட்டுப்போகும். அம்மா வைத்துப் பார்த்த சந்தனப் பொட்டு வழுக்கிக்கொண்டு இறங்கியது.

பற்றவே பற்றாத காரக் கரைசல் ஒன்றைப் பெருமையாகக் கொண்டுபோனேன். கிரீஸ் போனது. கூடவே அலுமினியமும் கறுத்துப்போனது. அதுவும் தேவன் அண்ணனுடைய கார்புரேட்டர்தான்.

"அண்ணே, நான் குடுத்தது வெள்ளையாத்தானே இருந்துச்சு?"

"இது ஸ்பெஷல் கலர்லா. கோலாலம்பூர்லகூட கிடைக்காது," என்றார் அப்பா. என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார்.

கடைசியில் தேறியது, பாகம் கழுவுவதற்கென்றே விற்கும் ஒரு கரைப்பான். அறுபது பாகை செல்சியஸுக்கு மேல் சூடேறினால்தான் அதன் ஆவி தீப்பிடிக்கும். அப்பாவுக்கு அதன் வேகம் போதவில்லை.

"என்னம்மா மாதவி, ஊறவெச்சிட்டு தேத்தண்ணி குடிச்சிட்டு வந்தாலும் அப்படியே கெடக்கு."

"இன்னொரு தேத்தண்ணி குடிங்கப்பா."

ஊறியதும் பிரஷ் போட்டு, சவர்க்காரத் தண்ணீரில் அலசி, காற்றடித்து உலர்த்தினோம். பொட்டு நின்றது. அம்மாவுக்கு அது போதவில்லை. வாசலுக்கு வெளியே மண்ணில் வைத்து, மூடியளவு கரைப்பானில் எரியும் தீக்குச்சியைப் போட்டுக் காட்டினேன். குச்சி அணைந்தது.

"திருப்பிக் காட்டு."

காட்டினேன்.

"சரி. ஆனா முதல் நாளே கழுவி முடிக்கணும். டின்னெல்லாம் வீட்டுப் பின்னால போகணும். சூடம் வாசல்லதான்."

"சரிங்க மேனேஜர்," என்றார் அப்பா.

பூசையன்று காலை அவர் சாலையின் எதிர்ப்பக்கம் போய் நின்றுகொண்டு கும்பிட்டார்.

"அங்க என்ன பண்றீங்க? இங்க வாங்க."

"நீ ஏத்து மயிலு. சாமிக்கு இங்கருந்தே தெரியும்."

அம்மா ஏற்றினார். சூடம் அமைதியாக எரிந்தது. அப்பா இரண்டு பக்கமும் பார்த்துச் சாலையைக் கடந்து வந்து, சுடரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிறகு தேவன் அண்ணனுடைய மோட்டாரை ஒரே உதையில் கிளப்பி, எலுமிச்சம்பழத்தின் மேல் ஏற்றி நசுக்கி, செம்பனைகளுக்கு நடுவே ஓட்டிக்கொண்டு போனார்.

"அது என் மோட்டார்ண்ணே!" என்று கத்திக்கொண்டே தேவன் அண்ணன் பின்னால் ஓடினார்.