அப்பாவின் இலைக்கு ஒரு பொட்டலம் மான்கறி

இந்த அகால நேரத்தில் எழுதுவதற்கு எல்லோரும் மன்னிக்க வேண்டும். மகள் நிலா இப்போதுதான் தூங்கினாள். மூச்சு சீராக வருகிறதா என்று இரண்டு தடவை போய்ப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறேன். பகலில் எழுதலாம் என்றால் வீட்டில் யாராவது வந்துகொண்டே இருக்கிறார்கள். அவர்கள் முன்னால் அப்பாவைப் பற்றி எழுத வரவில்லை.

தமிழ்ச் சங்கத்து மடற்குழுவில் இருக்கும் உங்களில் பாதிப் பேருக்குச் செய்தி தெரிந்திருக்கும். இங்கே டெக்சாஸில், இர்விங்கில் உங்களுக்கெல்லாம் பாண்டியன் அங்கிளாக இருந்த என் அப்பா காலமாகிவிட்டார். நான் குடியிருப்பது எடிசனில், இங்கிருந்து விமானத்தில் போகிற தூரம். அன்று காலை டேகேர் வாசலில் நிலாவின் கார் சீட் பெல்ட்டை அவிழ்த்துக்கொண்டிருந்தபோது அம்மா கூப்பிட்டாள். காலையில் கூப்பிடுகிற வழக்கம் அவளுக்குக் கிடையாது. "தாயி, அப்பா காபி ஆறிப்போச்சு. இன்னும் எந்திரிக்கல" என்றாள். "சாமுவேல் அங்கிள் வந்து பாத்துட்டாரு. நீ பொறப்படு." அப்பாவின் சிநேகிதரான அவர் டாக்டர். டாக்டர் வந்து பார்த்த பிறகு மகளைப் புறப்படச் சொன்னால் அதற்கு என்ன பொருள் என்று எனக்குப் புரிந்தது. அவிழ்த்த பெல்ட்டை மறுபடி மாட்டிக்கொண்டு வீட்டுக்குத் திரும்பினேன். தூக்கத்திலேயே இதயம் நின்றிருக்கிறது.

வரும் ஞாயிறு காரியம். காலையில் சடங்கு முடிந்ததும், மாலையில் போனவருக்குப் பிடித்ததைச் சமைத்து இலை போட்டுப் படைப்பது எங்கள் சிவகங்கைப் பக்கத்து வழக்கம். அப்பாவுக்குப் பிடித்தது என்ன என்று உங்களில் யாரும் கேட்க மாட்டீர்கள். அவர் கையால் வேட்டையாடிய மான்கறி. அது இப்போது இந்த வீட்டில் ஒரு துண்டு கூட இல்லை. கராஜில் இருந்த ஃப்ரீசரை அவரே பிப்ரவரியில் காலி செய்து, கழுவி, கதவைத் திறந்து காயவைத்திருக்கிறார். வேட்டைக் காலமோ பொங்கலுக்கு முன்பே முடிந்துவிட்டது.

இதில் எனக்கு ஆச்சரியம் அம்மாதான். முருக பக்தை. அப்பா துப்பாக்கியை எடுக்கும்போதெல்லாம், "வள்ளியப் பெத்தது மானுங்க. அதப் போயிச் சுடுறீகளே, வெளங்குமா?" என்பாள். "அந்த வள்ளியக் கட்ட முருகனே வேடன் வேசம் போட்டுத்தான வந்தான்? நான் வேசம்கூடப் போடல" என்பார் அப்பா. அந்தக் கறியை அவள் சமையலறைக்குள் விட்டதில்லை. கராஜில் தனி அடுப்பு, தனிச் சட்டி. இப்போது அதே அம்மா, "இலையில அது இல்லாம நான் படைக்க மாட்டேன்" என்று உட்கார்ந்திருக்கிறாள். கடையில் பண்ணை மான்கறி கிடைக்குமே என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன். "கடைக்கறிய வெச்சா மனுசன் திரும்பிப் படுத்துக்குவாரு" என்றாள். அவள் சொல்வதும் சரிதான்.

நான் அப்பாவுடன் முதல்முதலாகப் போனது இங்கே வந்து சேர்ந்த சில வருடங்களில், எட்டாம் வகுப்பு படிக்கும்போது. ஹில் கண்ட்ரி மேட்டுப் பகுதியில் அப்பாவும் சாமுவேல் அங்கிளும் பங்கு போட்டுக் குத்தகைக்கு எடுத்திருந்த நிலம். மானுக்காக மறைந்து உட்காரும் மரக்கூண்டை இங்கே எல்லோரும் பிளைண்ட் என்பார்கள். அப்பா அதைப் பரண் என்றே சொன்னார். பொழுது விடியுமுன் நாங்கள் மூவரும் ஏறி உட்கார்ந்தோம். சாமுவேல் அங்கிள் ஒரு மூச்சு இழுத்தார். "பாண்டி, பிள்ளையின்ர தலையில என்ன?" முந்தின நாள் சனிக்கிழமை. அம்மா வழக்கம்போலத் தலை நிறையத் தேங்காய் எண்ணெய் வைத்துப் பின்னி அனுப்பியிருந்தாள். போதாததற்கு மடியில் புளியோதரை. பெருங்காயம் வேறு. "இண்டைக்கு மான் வராது, காகம்தான் வரும்" என்றார் அங்கிள்.

அப்பா என்னைக் கோபிக்கவில்லை. காற்று எந்தப் பக்கம் போகிறது என்று விரலை ஈரமாக்கிப் பார்த்தார். "நம்ம முதுகுல இருந்துல்ல அடிக்குது. இந்நேரம் இந்தச் சீமையில இருக்கிற மானுக்கெல்லாம் நம்ம வீட்டு அட்ரஸே தெரிஞ்சிருக்கும்." பிறகு புளியோதரையைப் பிரித்து மூன்று பங்காக வைத்தார். மதியம் வரை ஒரு மானும் வரவில்லை. அதன்பின் ஒவ்வொரு நவம்பரிலும் வேட்டைக்கு முன்னால் எங்கள் வீட்டில் எண்ணெய் கிடையாது, சாம்பிராணி கிடையாது, தாளிப்புக் கிடையாது. "சபரிமலைக்குப் போற மாதிரி வெரதம். போறது கொல பண்ண" என்று அம்மா போனில் எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பாள்.

ஹைஸ்கூல் கடைசி வருடம் நான் சுட்டது சரியாகப் படவில்லை. மான் துள்ளி விழுந்து, எழுந்து, புதருக்குள் போய்விட்டது. ஞாயிறு சாயங்காலம். இருட்டில் துரத்தினால் இன்னும் தூரம் ஓடும், பாவம், விடியட்டும் என்றார் அப்பா. திங்கட்கிழமை அவருக்கு ஆபீசில் முக்கியமான மீட்டிங். கேஸ் ஸ்டேஷன் பொதுத் தொலைபேசியில் மேனேஜரைக் கூப்பிட்டு, ஃபேமிலி எமர்ஜென்சி என்று சொல்லிவிட்டு வந்தார்.

"ஆபீஸ்ல பொய் சொல்றீங்களேப்பா."

"எங்க பொய்? அந்த மானுக்கு இப்ப நம்மள விட்டா யாரு சொந்தம்? அடிச்சவுகதான தேடணும்."

புல்லில் ஒரு சொட்டு, கல்லில் ஒரு சொட்டு என்று குனிந்து குனிந்து போனோம். நான் அழுதுகொண்டே போனேன். வெயில் ஏறுமுன் ஒரு மரத்தடியில் கண்டுபிடித்தோம். இரவுக் குளிரில் கறி கெடாமல் இருந்தது. அப்பா தொப்பியைக் கழற்றிவிட்டுச் சற்று நின்றார். "கை நடுங்குறது தப்பு இல்ல தாயி. நடுங்கும்போது சுடுறதுதான் தப்பு" என்றார். அதற்கு மேல் அதைப் பற்றி என்றுமே பேசியதில்லை.

என் கணவர் ஸ்ரீராமைப் பற்றி அப்பாவிடம் முதலில் சொன்னதும் பரணில் வைத்துத்தான். அப்பாவின் குரல் உங்களுக்குத் தெரியும். சங்க விழாக்களில் அவருக்கு மைக் கொடுத்ததில்லை, தேவைப்பட்டதில்லை. ஆனால் பரணில் அவரால் சத்தம் போட முடியாது. அதனால்தான் அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தேன். ஆஸ்டினில் படித்துக்கொண்டிருந்தேன், நேராக அங்கே வந்து சேர்ந்துகொண்டேன். வெளிச்சம் வந்ததும் சொன்னேன். அவர் பைனாகுலரை இறக்கவே இல்லை. மூச்சோடு மூச்சாகக் கேட்டார்.

"பையன் என்ன பண்றான்?"

"சாஃப்ட்வேர்."

"கறி திம்பானா?"

"ஐயர் வீட்டுப் பையன்ப்பா. முட்டை கூட இல்ல."

பைனாகுலர் ஒரு மரத்திலிருந்து அடுத்த மரத்துக்கு மெதுவாக நகர்ந்தது. அவர் இனிமேல் பேசவே மாட்டார் என்று நினைத்தேன். கடைசியில், "அப்ப அவன் பங்கும் நமக்கே" என்றார். அன்று வந்த மானை இருவருமே சுடவில்லை. எனக்குச் சிரிப்பும் அழுகையுமாக வந்து, பரண் ஆடி, அது ஓடிவிட்டது.

நிலா பிறந்தபின் நான் எதற்கெடுத்தாலும் பயப்படுகிறவள் ஆகிவிட்டேன். சென்ற தேங்க்ஸ்கிவிங்குக்கு முன்னால் போனில், "துப்பாக்கி இருக்கிற வீட்டுக்குக் கொழந்தையைத் தூக்கிட்டு வரமாட்டேன்ப்பா" என்று சொன்னேன். சரி தாயி என்றார். நாங்கள் வருமுன்பே எல்லாவற்றையும் சாமுவேல் அங்கிள் வீட்டு இரும்புப் பெட்டிக்கு மாற்றிவிட்டார். அதோடு நிற்கவில்லை. புது இடத்தில் மான் எந்த வழியாக வரும் என்று அதன் உயரத்துக்குக் குனிந்து பார்ப்பது அவர் வழக்கம். அதேபோல வீடு முழுக்க முழங்காலில் தவழ்ந்து, ப்ளக் துளைகளை மூடி, மேஜை முனைகளுக்குப் பஞ்சு கட்டி வைத்திருந்தார். "பாப்பா கண்ணு இருக்கிற ஒசரத்துல இருந்து பாத்துட்டேன். இப்ப தைரியமா விடு" என்றார். நான் இப்படிப் பயந்து சாகிறேனே என்றதற்கு, "பயம் இல்லாதவன் கையில துப்பாக்கியும் குடுக்கக் கூடாது, புள்ளையவும் குடுக்கக் கூடாது" என்றார். என் பயத்தைப் பற்றி யாரும் அதற்கு முன்னால் அப்படி மரியாதையாகப் பேசியதில்லை.

காரியத்துக்குக் கறி இல்லை என்றதும் சாமுவேல் அங்கிள் ஒரு வழி சொன்னார். "என்ர ஃப்ரீசரும் வெறுமை, பிள்ளை. ஆனா புள்ளிமானுக்குச் சீசன் இல்லை. வருசம் முழுக்கச் சுடலாம். நாளைக்கே போவமா?" நம் ஊர்ப் புள்ளிமானைத்தான் சொல்கிறார். எப்போதோ யாரோ கொண்டுவந்து விட்டது, இப்போது டெக்சாஸ் மேடுகளில் பெருகிக் கிடக்கிறது. ஒரு நிமிடம் எனக்கும் ஆசையாக இருந்தது. நிலாவை அம்மாவிடம் விட்டுவிட்டுப் போய்வந்துவிடலாம். உடனே எங்கள் இருவருக்குமே ஞாபகம் வந்தது. அப்பா சுட்டதெல்லாம் இந்த மண்ணுக்கே உரிய வெள்ளைவால் மான். புள்ளிமான் துப்பாக்கிக்கு நேரே வந்து நின்றாலும் தொடமாட்டார்.

"நம்மள மாதிரி அதுவும் விசாவுல வந்தது தாயி. ஊருக்காரவுகளச் சுட்டுட்டு எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு ஊருக்குப் போறது?" என்பார் அப்பா.

"அதுகளுக்கு எப்பவோ கிரீன் கார்ட் கிடைச்சிட்டுது பாண்டி. இப்ப சிட்டிசன்" என்பார் அங்கிள்.

"சிட்டிசன் ஆனா? புள்ளி போயிருச்சாக்கும்?"

அவர் சுடாததைச் சுட்டு அவர் இலையில் வைப்பது எப்படி? அங்கிள் தொப்பியைக் கையில் சுருட்டிக்கொண்டு, "கொப்பர் போன பிறகும் எங்களைப் பேய்க்காட்ட விடமாட்டார்" என்று சொல்லிவிட்டுப் போனார். உன் அப்பா நம்மை ஏமாற்ற விடமாட்டார் என்பதை அவர் ஊர்த் தமிழில் அப்படித்தான் சொல்வார்.

துப்பாக்கிகள் அங்கிளிடமே இருக்கட்டும் என்று முடிவு செய்திருக்கிறோம். குத்தகையில் அப்பாவின் பங்கை நான் எடுத்துக்கொள்கிறேன். நிலா கொஞ்சம் வளர்ந்ததும் வருவேன். இவை தவிர நான் அவரிடமிருந்து வைத்துக்கொண்டிருப்பது அவருடைய அந்தத் தாழ்ந்த குரல். ஊருக்கெல்லாம் உரத்துப் பேசிய மனிதர், அதை எனக்காகப் பரணில் மட்டும் வைத்திருந்தார். இருட்டில் நிலா விழித்து அழும்போது என் வாயிலிருந்து அந்தக் குரல்தான் வருகிறது. அதைக் கேட்டு அவள் அடங்குகிறாள். நானும்.

இனி உங்களிடம் கேட்பதற்கு வருகிறேன். இந்த ஜனவரியில், பொங்கல் விழா முடிந்து பார்க்கிங் லாட்டில் அப்பா கார் டிக்கியைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றது நினைவிருக்கும். வெள்ளைக் காகிதப் பொட்டலம், மேலே நீல மையில் அவரவர் வீட்டுப் பெயர். கைக்கு அகப்பட்டவர்களை விடாமல் கொடுத்தார். அதுதான் அவருடைய கடைசி மான். வாழ்நாளில் முட்டை தொடாத ஸ்ரீராம் இரண்டு நாளாகப் போன் புத்தகத்தை வைத்துக்கொண்டு வீடு வீடாகக் கூப்பிட்டு, "மாமி, ஆத்துல மான்கறி மிச்சம் இருக்கா?" என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். சிலர் சமைத்துச் சாப்பிட்டுவிட்டார்கள். சிலர் சங்கடத்தோடு, தூக்கிப் போட்டுவிட்டோம் என்றார்கள். அதில் வருத்தம் ஒன்றும் இல்லை. எண்கள் கிடைக்காததால் மற்றவர்களை அவரால் கூப்பிட முடியவில்லை.

உங்களில் சிலர் பாண்டியன் அங்கிள் மனம் கோணக் கூடாதே என்று வாங்கி, என்ன செய்வதென்று தெரியாமல், ஃப்ரீசரின் அடியில் ஐஸ்க்ரீம் டப்பாவுக்குக் கீழே தள்ளி மறந்திருப்பீர்கள். அந்த மறதியை நம்பித்தான் இதை எழுதுகிறேன். கைப்பிடி அளவு போதும். பழசாக இருந்தாலும் பரவாயில்லை, உறைந்திருந்தால் சரி. எவ்வளவு தூரமானாலும் ஸ்ரீராம் ஐஸ் பெட்டியோடு வந்து வாங்கிக்கொள்வார். காலையில் எழுந்ததும் ஒருமுறை திறந்து பாருங்கள். சனிக்கிழமைக்குள் அம்மாவுக்கு நான் ஏதாவது சொல்லியாக வேண்டும். இருந்தாலும் சரி, இல்லை என்றாலும் சரி, தயவுசெய்து சீக்கிரம் பதில் எழுதுங்கள்.

மீனா