சுக்குவின் ஏகாதசி

மட்டாஞ்சேரியில் நாயைத் தயிர்சாதம் போட்டு வளர்த்த வீடு எங்களுடையது ஒன்றாகத்தான் இருந்திருக்கும். அந்த ஊரில் நாய்க்குச் சாப்பாட்டுப் பஞ்சம் கிடையாது. தோப்பும்படியில் மீன் படகுகள் கரை சேர்ந்தால் கூடைக்குப் போனது போக, சிந்தியதும் சிதறியதும் காக்காய்க்கும் பூனைக்கும் நாய்க்கும்தான். அப்படிப்பட்ட ஊருக்கு வந்தும் ரசம்சாதம் தின்ன வேண்டும் என்று ஒரு குட்டியின் தலையில் எழுதியிருந்தது. எழுதியவள் நான்தான். அப்போது எனக்கு ஒன்பது வயது.

எமர்ஜென்சி முடிந்ததற்கு அடுத்த வருடம் அது. மட்டாஞ்சேரியிலேயே கொச்சங்காடியில், மிளகும் சுக்கும் மூட்டை மூட்டையாக அடுக்கிய கிடங்குகளுக்குப் பின்னால் ஒரு சந்தில் எங்கள் வீடு. அப்பா ஒரு மிளகுக் கம்பெனியில் குமாஸ்தா. வீட்டில் அப்பா, அம்மா, நான், அப்புறம் அப்பாவின் அக்காவான அத்தை. கல்யாணமான இரண்டாவது வருடமே கணவரை இழந்து, பத்தொன்பது வயதில் பிறந்த வீட்டுக்குத் திரும்பி வந்தவள். நான் பார்க்கும்போது அவளுக்கு நாற்பது இருக்கும். வீட்டின் சட்டதிட்டமெல்லாம் அவள் வாயிலிருந்துதான் வரும். அப்பா ஆபீசில் முதலாளிக்குப் பயப்படுவார், வீட்டில் அக்காவுக்குப் பயப்படுவார். வேறு பயம் அவருக்குக் கிடையாது.

அத்தைக்குப் பகலில் ஒரு வேளைதான் சோறு. வெங்காயம், பூண்டு தொடமாட்டாள். மாதத்தில் இரண்டு ஏகாதசியும் முழுப் பட்டினி, சாயங்காலம் ஒரு தம்ளர் பால் மட்டும். ஞாயிற்றுக்கிழமை அம்மா எங்களுக்காகச் சின்ன வெங்காய சாம்பார் வைப்பாள். சாம்பார் கொதி வருவதற்கு முன்பே அத்தை எழுந்து கொல்லைப்பக்கம் கிணற்றடிக்குப் போய், வீட்டுக்கு முதுகு காட்டி உட்கார்ந்துகொள்வாள். நாங்கள் சாப்பிட்டு, அம்மா பாத்திரம் கழுவிக் கவிழ்த்த பிறகுதான் உள்ளே வருவாள். எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அப்படித்தான்.

நாய் வளர்க்கும் எண்ணம் எங்கள் வீட்டில் யாருக்கும் இருந்ததில்லை. கிணற்றடியில் வைத்திருந்த பித்தளை அண்டாவை யாரோ தூக்கிக்கொண்டு போனார்கள். அம்மாவின் கல்யாண அண்டா. அம்மா இரண்டு நாள் அழுதாள். அடுத்த ஞாயிறு, ஆலுவாவில் வேலையாக இருந்த என் மாமா ஒரு துணிப்பையோடு வந்து இறங்கினார். பை முனகியது. வாய்விட்டுச் சிரித்தபடி பையைக் கவிழ்த்தார். உள்ளேயிருந்து விழுந்தது ஒரு பிடி அளவுக் குட்டி. பழுப்பும் சாம்பலும் கலந்த நிறம், சுருங்கிய தோல். கிடங்கு முற்றத்தில் காயும் சுக்கு மாதிரியே இருந்தது. அப்பா அப்படிச் சொன்னதும் அதுவே பெயராகிவிட்டது.

எல்லோரும் அத்தையின் முகத்தைப் பார்த்தோம். அவள் கொஞ்ச நேரம் குட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் அப்பாவிடம் சொன்னாள்.

"இருக்கட்டும். கொல்லையோட இருக்கட்டும். ஆனா ஒரு மீன் முள்ளு இந்தக் கொல்லையிலே விழுந்ததுன்னா, அன்னிக்கே இதை ஆலுவாக்கு பஸ் ஏத்திடணும். கேட்டியா?"

அப்பா கேட்டுக்கொண்டார். நானும்தான். எனக்குக் கூடப்பிறந்தவர் யாருமில்லை. சுக்குவை மடியில் எடுத்து வைத்துக்கொண்ட அந்தச் சாயங்காலமே, இதைப் பஸ் ஏற்றினால் நானும் அதே பஸ்ஸில் போய்விடுவது என்று தீர்மானம் செய்திருந்தேன்.

நாய் வளர்ப்பில் எங்களுக்கு இருந்த ஞானம் முதல் நாளே தெரிந்துவிட்டது. குட்டி படுத்துக்கொள்ள அப்பா கம்பெனியிலிருந்து ஒரு பழைய சாக்கு கொண்டுவந்து விரித்தார். மிளகு மூட்டைச் சாக்கு. சுக்கு அன்று முழுவதும் தும்மிக்கொண்டே இருந்தது. குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்று அம்மா அதன் மூக்கில் தைலம் தடவினாள், இன்னும் இரண்டு மடங்கு தும்மியது. கடைசியில் அத்தைதான் சாக்கை மோந்து பார்த்து எடுத்துப் போட்டுவிட்டு, தன் பழைய புடவை ஒன்றை நாலாக மடித்துக் கொடுத்தாள். தேங்காயெண்ணெயில் மஞ்சள் குழைத்து உடம்பெல்லாம் பூசி உண்ணி எடுப்பது என் வேலை. பள்ளிக்கூடம் விட்டு வந்தால் யூனிபாரத்தை மாற்றுவதற்கு முன்னால் உண்ணி பார்ப்பேன்.

பழக்குவதற்கு வழி சொல்லிக் கொடுத்தவர் மாமா. "நாய்க்கு மூணே பாடம்தான். உட்காரு, நில்லு, வேண்டாம். மூணாவது வந்துடுத்துன்னா அது மனுஷாளைவிட ஒசத்தி" என்றார். உட்காரு பத்து நாளில் வந்தது, தோசைத் துண்டின் உபயம். நில்லு என்றால் சமையலறை வாசப்படியில் நிற்க வேண்டும். அதற்கு அப்பாவின் ஒரு செருப்பும் என் கணக்கு நோட்டின் பாதியும் செலவாயின. கொல்லை ஓடையோரமாகப் போய் ஒண்ணுக்குப் போகவும் கற்றுக்கொண்டது, மழை நாள் நீங்கலாக.

மூன்றாவதுதான் தொல்லை. எங்கள் கொல்லைச் சுவருக்கு அந்தப் பக்கம் இத்தாவின் வீடு. அங்கெல்லாம் முஸ்லிம் வீடுகளில் அக்காவை இத்தா என்பார்கள். தெருவில் எங்கள் வயதுப் பிள்ளைகள் எல்லோருக்குமே அவர் இத்தாதான். தினம் காலையில் சைக்கிளில் வரும் மீன்காரன் பூஉய் என்று கூவினதும் இத்தா சாளை வாங்கி, சுவரோரக் கல்லில் உட்கார்ந்து அரிவார். அந்த வாசனை வந்ததும் சுக்குவுக்குத் தலைகால் புரியாது. போதாக்குறைக்குக் காக்காய்கள். ஒரு நாள் ஒரு காக்காய் எங்கள் துளசி மாடத்தின்மேலேயே ஒரு முழு முள்ளைப் போட்டுவிட்டுப் போனது. அத்தை கோயிலுக்குப் போயிருந்த நேரம். ஒரு காகிதத்தைக் கிழித்து அதில் முள்ளைச் சுற்றி, சுவருக்கு மேல் எறிந்துவிட்டு, மாடத்தை நாலு குடம் தண்ணீர் விட்டுக் கழுவினேன்.

ஆகவே பாடத்தைத் தீவிரமாக்கினேன். சாயங்காலம் இத்தாவைக் கூப்பிட்டு, ஒரு மீன் தலையைச் சுவருக்கு மேலே பிடித்துக் காட்டச் சொல்வேன். சுக்கு எம்பும். நான் ஈர்க்குச்சியால் மூக்கில் ஒரு தட்டு தட்டி, "சீ, வேண்டாம்" என்பேன். மறுபடி எம்பும். மறுபடி தட்டு. இத்தா நல்லவர், நான் கேட்டதற்காகச் செய்தார். ஆனால் முகம் சுளித்துக்கொண்டேதான் செய்தார். "மோளே, அது பட்டியாணு, பசுவல்ல" என்பார். பட்டி என்றால் நாய் என்று எனக்கும் தெரியும். நான் கேட்கவில்லை. பிற்காலத்தில் முப்பது வருடம் பள்ளி ஆசிரியையாக இருந்தேன். பிரம்பைத் தொட்டதில்லை என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வேன். அந்த ஈர்க்குச்சியைப் பற்றி யாரிடமும் சொன்னதில்லை.

ஒரு மாதத்தில் சுக்கு மீனைக் கண்டால் எம்புவதை நிறுத்தியது. ஆனால் விலா எலும்பை எண்ணலாம்போல இளைத்துவிட்டது. புல்லைத் தின்று கக்கியது. அப்பா தயிரைக் கூட்டிப் போடச் சொன்னார். அம்மா பருப்பு சேர்த்துப் பிசைந்தாள். இரண்டு வாய் தின்றுவிட்டுத் தலையைத் தூக்கிக்கொள்ளும்.

அந்தச் சமயத்தில்தான் என் மூளையில் ஏகாதசி உதித்தது. அத்தையின் மனம் குளிர்ந்துவிட்டால் சுக்குவுக்கு ஆயுசுக்கும் பயமில்லை. அத்தைக்கு ஏகாதசியைவிட உசத்தியானது உலகத்தில் எது? அன்று காலையிலிருந்து சுக்குவுக்குச் சோறு போட வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டேன். நாயும் விரதம் இருக்கிறது என்றேன். அம்மா வேலை மும்முரத்தில் சிரித்துவிட்டுப் போய்விட்டாள். குட்டி காலையில் காலியான தேங்காய்ச் சிரட்டையை நக்கியது. மத்தியானம் சிரட்டையை வாயில் கவ்விக்கொண்டு வாசப்படி வரை வந்து நின்றது. கற்றுக்கொடுத்தபடி, தாண்டாமல். பிறகு கிணற்றடியில் படுத்து ஒரே சுரத்தில் முனகத் தொடங்கியது.

உள்ளே படுத்திருந்த அத்தை எழுந்து வந்தாள்.

"எந்தாடீ, ஏன் அழறது இது?"

"இன்னிக்கு ஏகாதசியோன்னோ அத்தை. சுக்குவும் இருக்கு" என்றேன். சபாஷ் என்பாள் என்று எதிர்பார்த்தேன்.

அத்தை என்னை ஒரு பார்வை பார்த்தாள். நான் ஏதோ தப்புச் செய்துவிட்டேன் என்று தெரிந்தது, என்ன தப்பு என்று தெரியவில்லை. உள்ளே போய், சாயங்காலத்துக்கென்று தனக்கு எடுத்து வைத்திருந்த பாலைக் கொண்டுவந்து சிரட்டையில் ஊற்றினாள். முழுத் தம்ளரையும். சுக்கு மூக்கு முங்கக் குடித்தது. நாய் விரதமிருந்தால் பலன் கிடையாது என்று சாஸ்திரத்தில் இருக்கும்போலிருக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு அதிசயம் நடந்தது. இரண்டே வாரத்தில் சுக்கு தேற ஆரம்பித்தது. தோல் மினுமினுத்தது, வயிறு உருண்டது. குரைக்கக்கூடத் தொடங்கியது. இத்தா மீன் தலையைக் காட்டினால், ஈர்க்குச்சியை நான் ஓங்குவதற்கு முன்பே முகத்தைத் திருப்பிக்கொண்டது. வேறு சில விஷயங்களும் அப்போது நடந்தன, நான் பொருட்படுத்தவில்லை. மத்தியானத்தில் அத்தை இரண்டாவது முறையாகக் கிணற்றில் இறைத்துத் தலைக்கு ஊற்றிக்கொள்கிறாள் என்று அம்மா சொன்னாள். வெயில் காலம். பள்ளிக்கூடம் விட்டு வந்து சுக்குவைக் கொஞ்சும்போது அதன் வாயில் சீயக்காய் மணம் அடிக்கும். தயிர்சாதம் தின்னும் நாயின் வாய் அப்படித்தான் மணக்கும் என்று நான் முடிவு கட்டியிருந்தேன்.

மாமா அடுத்த முறை வந்தபோது கொல்லையில் பரீட்சை வைத்தேன். அப்பா, அம்மா, மாமா எல்லோரும் நின்றார்கள். அத்தை வாசப்படியில். இத்தா ஒரு முழுச் சாளையையே வாலைப் பிடித்துச் சுவருக்கு இந்தப் பக்கம் தொங்கவிட்டார். சுக்கு மோந்து பார்த்தது, கொட்டாவி விட்டது, திரும்பிப் படுத்துக்கொண்டது. "இவனுக்குப் பூணூலே போட்டுடலாம்" என்று மாமா கைதட்டினார். இத்தா சிரித்த சிரிப்பில் சுவரைப் பிடித்துக்கொள்ள வேண்டியதாயிற்று. அத்தை மட்டும் புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள். பூரித்துப் போய்விட்டாள் என்று நினைத்தேன். அன்று என் கால் தரையில் படவில்லை.

அதற்கடுத்த வாரம் பள்ளிக்கூடத்தில் ஏதோ சமரம். மலையாளத்தில் வேலைநிறுத்தத்துக்கு அந்தப் பெயர்தான். பெரிய வகுப்புப் பையன்கள் கோஷம் போட்டு மணியை அடித்து, மத்தியானமே எங்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அம்மா முன்னறையில் தூங்கிக்கொண்டிருந்தாள். நான் பையோடு நேரே கொல்லைக்குப் போனேன்.

கிணற்றுக்கும் சுவருக்கும் நடுவில் அத்தை குந்தியிருந்தாள். சுவர்மேல் இத்தாவின் பீங்கான் தட்டு. அத்தையின் முன்னால் ஒரு வாழையிலைக் கிழிசலில் வேகவைத்த சாளை. வெங்காயம் நறுக்கிய கத்தியைக்கூடத் தொடாத அத்தை, விரலால் மீனைப் பிட்டு, முள்ளை ஒவ்வொன்றாக உருவி எடுத்து, சதையைச் சுக்குவுக்கு ஊட்டிக்கொண்டிருந்தாள். மூக்கைக்கூட மூடிக்கொள்ளவில்லை.

"மெள்ள, மெள்ள. யாரும் பிடுங்கிக்கப் போறதில்லை" என்றாள் அதனிடம்.

எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. என் ஒரு மாத உழைப்பு அந்த இலையில் கிடந்தது. "நீங்கதானே அத்தை சொன்னேள், முள்ளு விழுந்தா பஸ் ஏத்தணும்னு!"

அத்தை பதறவில்லை. "முள்ளு எங்கே விழுந்தது? என் கையிலேன்னா இருக்கு" என்றாள்.

"நான்தான் அதுக்கு வேண்டாம்னு பழக்கிட்டேனே. மீனைக் கண்டா முகத்தைத் திருப்பிக்கறதே. எல்லாரும் பார்த்தாளே."

அத்தை கடைசித் துண்டையும் கொடுத்துவிட்டு நிமிர்ந்தாள். கோபமில்லாமல்தான் கேட்டாள்.

"முகத்தைத் திருப்பிண்டா வேண்டாம்னு அர்த்தமோடீ?"

பதிலுக்கு அவள் காத்திருக்கவில்லை. முள்ளையெல்லாம் இலையில் சுருட்டித் தட்டில் வைத்துச் சுவருக்கு அந்தப் பக்கம் கொடுத்தாள். சுக்குவின் வாயைச் சீயக்காய் போட்டுத் துடைத்தாள். பிறகு வாளியைக் கிணற்றில் விட்டாள். அப்பாவிடம் சொல்லாதே என்று அவள் என்னைக் கேட்டுக்கொள்ளவில்லை. சொன்னால் சுக்கு போய்விடும், ஆகவே நான் சொல்லமாட்டேன் என்பது அவளுக்குத் தெரியும். சுக்கு அதன்பின் பதினோரு வருடம் எங்களோடு இருந்தது. திருடன் மறுபடி வரவில்லை, அண்டாவும்தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அம்மா சின்ன வெங்காய சாம்பார் வைத்தாள். கொதி வருவதற்குள் அத்தை எழுந்து கிணற்றடிக்குப் போய், அந்தப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தாள். சுக்கு போய் அவள் காலடியில் படுத்துக்கொண்டது. தட்டின் முன்னால் உட்கார்ந்திருந்த எனக்குக் கொல்லைக் கதவு வழியாக இருவரின் முதுகும் தெரிந்தது. பாவம், அத்தைக்கு இந்த வாசனையே ஆகாது என்று நினைத்தேன். அவள்மேல் எனக்கு என்றும் இல்லாத பிரியம் வந்தது. எழுந்து போய், வாசனை அந்தப் பக்கம் போகாதபடி கதவை நன்றாகச் சாத்திவிட்டு வந்து, அம்மாவிடம் இன்னொரு கரண்டி சாம்பார் கேட்டு வாங்கிக்கொண்டேன்.